'ஆபாசமாகத் திட்டினார்' என்று எழுதினால் போதாது

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை, பாதி வேலை மனு டைப் பண்ணுவது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணும், முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு, குழாயில் சாக்கடை கலந்து வருது, வேலை செய்த இடத்தில் சம்பளம் தரல, மருமகன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்று பன்னிரண்டு வருஷமாக இந்த ஏரியாவின் கஷ்டம் எல்லாம் என் கீபோர்டு வழியாகத்தான் அரசாங்க ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போவேன். எவ்வளவு பெரிய சோகமானாலும் கை நிற்காது, நின்றால் வரிசையில் இருக்கிறவர்கள் சத்தம் போடுவார்கள்.

போன வருஷம் ஒரு நாள் கை நின்றது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கவுன்சிலர் ஒருவர் கடைக்கு வந்தார். எனக்கு அவர் அக்கா. கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்தவர். தெருவில் எல்லோருக்கும் இப்போது கவுன்சிலரம்மா. அவருடைய பெயர், வார்டு, கட்சி எதையும் இங்கே எழுதப் போவதில்லை. புகார் இன்னும் முடியவில்லை, அவருடைய மகள் இந்த ஏரியாவில்தான் படிக்கிறாள். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

இரவு எட்டரை மணி இருக்கும், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். குனிந்து உள்ளே வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு கம்ப்ளெயின்ட் அடிக்கணும்" என்றார். யார் மேலக்கா என்று கேட்டேன். "யாருன்னு தெரியாது, நம்பர் இருக்கு" என்றார். பெறுநர், அனுப்புநர், பொருள் எல்லாம் அடித்தாயிற்று. 'மேற்படி எண்ணிலிருந்து என்னை' என்பது வரைக்கும் வந்துவிட்டு, அடுத்து என்னக்கா என்று திரும்பிப் பார்த்தால் அக்கா பேசவில்லை. தினமும் ஏஇ என்கிற மாநகராட்சி இன்ஜினியரோடும் லாரிக்காரனோடும் குழாயடியிலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பெண், பொங்கல் பரிசு வாங்கும் வரிசையில் நூறு பேரை ஒரே அதட்டலில் நிறுத்துகிற பெண், அன்றைக்கு வாயைத் திறக்க முடியாமல் போனை என் பக்கம் தள்ளினார். "இத நீயே படிச்சிக்கோடி. என் வாயால சொல்ல முடியாது."

கடைப் பையனுக்குப் பதினேழு வயசு. அவனை டீ வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டுப் படித்தேன்.

நான்கு நம்பர்களிலிருந்து பதினொரு நாளில் அறுபதுக்கு மேல் மெசேஜ். எல்லாம் இரவு பத்து மணிக்கு மேல் வந்தவை. வாய்ஸ் மெசேஜ் தனி. அதில் இருந்த வார்த்தைகளை இங்கே எழுதவில்லை, புகாரில் எழுதியாயிற்று. அவர் முகத்தை வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய ஒரு படம். அவர் மகள் டியூஷன் முடிந்து இன்னொரு பெண்ணோடு நடந்து வருவதைத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோ. அந்த போட்டோவுக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை, அவள் வீட்டுக்குத் திரும்பும் நேரத்தை மட்டும் போட்டிருந்தான். எல்லாவற்றிலும் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது ஒரு வாய்ஸ் மெசேஜ்தான். இருபது வினாடி இருக்கும். சின்ன வயசுக் குரல். உன்னை என்ன செய்வேன், உன் மகளை என்ன செய்வேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறான். அதற்குப் பின்னால் எங்கேயோ குக்கர் விசில் கேட்கிறது, ஒரு அம்மா "டேய், சாப்பிட வாடா, ஆறிடப் போவுது" என்று கூப்பிடுகிறார். அவன் ஒரு நொடி நிறுத்திவிட்டு, மீதியைச் சொல்லி முடித்துவிட்டு வைத்திருக்கிறான்.

இவ்வளவும் எதற்கு என்றால் ரோட்டுக்கு.

வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தாரை ஊற்றிப் புது ரோடு போட்டால் ஒவ்வொரு தடவையும் தெரு நாலு விரல் உயரும், வீடு உயராது. என் மாமியார் வீட்டில் மூன்று படி ஏறி உள்ளே போன காலம் போய் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். ஐப்பசி மழை பிடித்தால் தெருத்தண்ணீர் நேராக அடுப்படிக்கு வந்துவிடும், அதில் சாக்கடையும் கலந்திருக்கும். அதனால்தான் மில்லிங், அதாவது பழைய ரோட்டை மிஷினால் சுரண்டி எடுப்பது, செய்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள். 2021இல் தலைமைச் செயலாளரே இதற்காக உத்தரவு அனுப்பினார். ஆனால் மில்லிங் மிஷின் வாடகை, சுரண்டினதை அள்ளிக்கொண்டு போகும் லாரி, கூடுதல் ஆள் எல்லாமே காசு. செய்யாமல் விட்டால் அந்தக் காசு அப்படியே மிச்சம்.

ரோடு போடுவது ராத்திரியில்தான் நடக்கும். அன்றைக்குப் பதினொரு மணிக்கு ரோலர் சத்தம் கேட்டு எழுந்து, நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா தெருமுனைக்குப் போயிருக்கிறார். மில்லிங் செய்யாமல் தார் கொட்டத் தயாராக இருந்தார்கள். மிஷினுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஏஇக்கு போன், மேலே இன்னொருவருக்கு போன், கான்ட்ராக்டரின் ஆள் வந்து கெஞ்சல், அப்புறம் அதட்டல். அக்கா நகரவில்லை. ஒன்றரை மணிக்கு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள், இரண்டு நாள் கழித்து மில்லிங் மிஷின் வந்தது. தெரு முழுக்க சந்தோஷம். முதல் மெசேஜ் வந்தது லாரி திரும்பிப்போன அன்றைக்கு விடியற்காலையில், அவர் இன்னும் துண்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தபோது. அவர் நைட்டியில் நடுரோட்டில் நிற்கிற வீடியோவை யாரோ எடுத்து, அதில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு ஏரியா குரூப்பிலெல்லாம் சுற்றவிட்டிருந்தார்கள்.

அந்த அறுபத்து சொச்சம் மெசேஜையும் நான் இரண்டு தடவை படித்தேன். ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தார், மில்லிங், கான்ட்ராக்ட், கமிஷன், எதுவும் இல்லை. எல்லாம் அவர் உடம்பு, அவர் புருஷன், அவர் சாதி, அவர் மகள், அவர் யாரோடு எங்கே போனார் என்கிற கற்பனை. ஒரு ஆண் கவுன்சிலர் அந்த மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தால் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். மிரட்டல் வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ரோடு இருந்திருக்கும். 'எங்க வேலைல தலையிடாத' என்றாவது இருந்திருக்கும். பெண் என்றால் ரோட்டை எடுத்துவிட்டு உடம்பைப் பேசுகிறார்கள். அதன் பிறகு அவளும் ரோட்டைப் பற்றிப் பேச முடியாது. எதற்காக மிரட்டுகிறார்கள் என்று யாரிடம் சொல்லப் போனாலும் முதலில் அந்த அசிங்கத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், அவள் அதைத் தாண்ட முடியாமல் வாயை மூடிக்கொள்வாள். இது கோபத்தில் வந்த திட்டு என்று நான் நம்பவில்லை. பழகின கை செய்த வேலை.

முதல் புகாரை நான் சரியாக எழுதவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வார்த்தைகளை அடிக்க எனக்கே கை வரவில்லை. 'மிகவும் ஆபாசமான வார்த்தைகளால் திட்டியும், மிரட்டியும் வருகிறார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக எல்லாப் பெண்களுக்கும் நான் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டேஷனிலும் அப்படி எழுதினால்தான் வசதி என்பார்கள். புகாரை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கினதற்கான ரசீது, கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டதற்கு, ஒரு நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிட்டோம், இனி வராது என்றார்கள். மூன்றாம் நாள் வேறு நம்பரிலிருந்து வந்தது.

அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மா, ஜார்ஜ் டவுனில் இருக்கிறார், நான் அடித்த புகாரை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்து, "இதுல குற்றம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதில் 351வது பிரிவு மிரட்டலுக்கானது. சாதாரண மிரட்டல் என்றால் 2 வருஷம் வரை தண்டனை. கொன்றுவிடுவேன், கொடுங்காயம் செய்வேன் என்று மிரட்டினால் 7 வருஷம் வரை. ஒரு பெண்ணை நடத்தை கெட்டவள் என்று பரப்பிவிடுவேன் என்று மிரட்டினாலும் அதே 7 வருஷம் வரை, இரண்டையும் சட்டம் ஒரே வரியில் வைத்திருக்கிறது. யாரென்று தெரியாமல் மறைந்துகொண்டு மிரட்டினால் அதற்குத் தனியாக இன்னும் 2 வருஷம் வரை. பெண்ணின் மானத்தைக் கெடுக்கிற மாதிரி பேசினால் 79வது பிரிவு, படத்தை ஒட்டி அனுப்பியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, நம் மாநிலத்தின் 1998ஆம் வருஷத்துப் பெண் வன்கொடுமை தடுப்புச் சட்டம், சாதியைச் சொல்லித் திட்டியதற்கு அதற்கான சட்டம். இத்தனையும் இருக்கிறது. ஆனால் அவன் சொன்னது என்ன என்று தாளில் இருந்தால்தான் எந்தப் பிரிவு என்று பார்க்கமுடியும். 'ஆபாசமாகத் திட்டினார்' என்பது நாம் அவனுக்காகச் செய்துகொடுக்கிற மொழிபெயர்ப்பு, அவன் சொன்னதைத் துடைத்துச் சுத்தம் பண்ணி நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்றார் வக்கீல் அம்மா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படித் துடைத்து எத்தனை புகார் எழுதியிருப்பேன்.

இரண்டாவது புகாரை அடுத்த நாள் எழுதினோம். ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, ஃபேன் சத்தம் மட்டும். நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெசேஜையும் தேதி, நேரம், நம்பரோடு அப்படியே அடித்தேன். சில வார்த்தைகளுக்கு எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அதெல்லாம் நான் காதால் கேட்டது மட்டும்தான், எழுத்தில் பார்த்ததே இல்லை. வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக் கேட்டு எழுதும்போது அக்கா எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கனவே அடுக்கிவைத்திருந்த ஏ4 பேப்பர் கட்டை இறக்கித் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். நாலு பக்கம் வந்தது. பிரின்டரிலிருந்து பக்கங்கள் முகம் மேலே தெரிகிற மாதிரி விழும், அன்றைக்கு நான் கையை வைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். யாரும் இல்லாத கடையில் யாருக்காக மறைத்தேன் என்று தெரியவில்லை.

இந்த நாட்களில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் சொன்னதையும் எழுத வேண்டும். வீட்டுக்காரர், "ராஜினாமா பண்ணிட்டு வா, நம்ம மானம் போவுது" என்றார். கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். கட்சியில் ஒரு பெரியவர், "அரசியல்னா இதெல்லாம் சகஜம்மா, தோல் கெட்டியா இருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தோல் எதற்குக் கெட்டியாக இருக்கணும்? அவர் ஓட்டுக் கேட்டது வார்டு வேலை பார்க்க. மாசம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் 2023 ஜூலையிலிருந்துதான். அதில் ஆட்டோவுக்கும் போனுக்கும் போனது போக மிஞ்சுவது எனக்குத் தெரியும், கணக்கு நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். என்னை ரொம்ப வருத்தியது எதிர்வீட்டு அம்மா சொன்னது. "ராத்திரி பதினோரு மணிக்குப் பொம்பள நைட்டியோட ரோட்ல நின்னா நாலு பேர் நாலு விதமா பேசத்தான் செய்வான்" என்றார். அவர் வீடுதான் தெருவிலேயே அதிகப் பள்ளம். அந்த மில்லிங்கால் இந்த வருஷ மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை.

வெறும் பேச்சுத்தானே, யாரும் வந்து கை வைக்கவில்லையே என்று என்னிடமும் சிலர் கேட்டார்கள். மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு கவுன்சிலர் இருந்தார். நெசவாளி, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், 1996 தேர்தலில் ஜெயித்தார். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. தன் வார்டுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தார், அங்கே தண்ணீரை விற்றுக் காசு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஊரப்பாக்கம் ஊராட்சித் தலைவர் மேனகாவும் வெட்டிக் கொல்லப்பட்டார். லீலாவதியைக் கொன்றபோது எனக்குச் சின்ன வயசு. எங்கள் வீட்டுப் பக்கமும் லாரித் தண்ணீர்தான், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் மதுரைச் செய்தியைப் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. தண்ணிக்காகவா கொன்னாங்க என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே அக்காவுக்கு வந்த மெசேஜை வெறும் பேச்சு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. எது பேச்சோடு நிற்கும், எது நிற்காது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள அந்தப் பெண்ணுக்கு வழி இல்லை, தெரியாமல்தான் அவள் தினமும் வெளியே போய் வரவேண்டும்.

கொலை வரைக்கும் போகாமல் பதவியை மட்டும் பிடுங்கிக்கொள்கிற வழியும் உண்டு. 2020 ஆகஸ்ட் 15 அன்று, நம் பக்கத்துக் கும்மிடிப்பூண்டி ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. தலித் பெண், அறுபது வயசு. விஷயம் வெளியே வந்த பிறகு ஆகஸ்ட் 20 அன்று கலெக்டரே வந்து, அவர் கையால் கொடியேற்ற வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த போட்டோ வெளியானது. மற்றவர்கள் எல்லாம் நாற்காலியில். அந்த போட்டோவை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் என்பதும் சாதி என்பதும் தனித்தனியாக வருவதில்லை, அக்காவின் போனிலும் இரண்டும் ஒரே வாக்கியத்தில்தான் இருந்தன.

வடசென்னைக்குப் பெண் தலைவர்கள் புதுசு ஒன்றும் இல்லை. 1957இலேயே பெரம்பூரில் சத்தியவாணி முத்துவை ஜெயிக்கவைத்த ஊர் இது. ஜெயலலிதா கடைசியாக எம்எல்ஏவாக இருந்தது எங்கள் ஆர்.கே. நகரில். 1989 மார்ச் 25 அன்று சட்டசபைக்குள் அவருக்கு நடந்ததைப் பற்றி இன்றைக்கும் கட்சிக்கு ஒரு கதை சொல்கிறார்கள், ஆனால் அன்றைக்கு அவர் தலைமுடி கலைந்து வெளியே வந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். இப்போது மேயராக இருக்கும் பிரியா திரு.வி.க. நகர்ப் பெண், 2022 மார்ச்சில் பதவிக்கு வந்தபோது முப்பது வயசுகூட ஆகவில்லை, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அந்த வருஷம் டிசம்பரில் மாண்டஸ் புயல் முடிந்த கையோடு காசிமேட்டில் முதல்வர் கான்வாய் காரில் அவர் தொங்கிக்கொண்டு போன வீடியோ வந்ததே, ஞாபகம் இருக்கும். மேயர் ஏன் அப்படிப் போகவேண்டும், பாதுகாப்பு என்ன ஆச்சு, அவருக்கு ஒரு கார் இல்லையா என்று கேட்டது நியாயமான கேள்வி, நானும்தான் கேட்டேன். ஆனால் என் போனுக்கு வந்து சேர்ந்ததில் கேள்வி கொஞ்சம்தான். மீதியெல்லாம் அவர் பிறப்பையும் முகத்தையும் பற்றியது. யாரை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சனம் செய்யட்டும், அக்காவையும் செய்யட்டும். தெருவிளக்கு எரியாததற்கு நானே அவரோடு இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரைக்கும் சென்னை மாநகராட்சியில் கவுன்சிலரே கிடையாது, அதிகாரிகள்தான். அஞ்சு வருஷத்துக்கு மேல் ராத்திரியில் எப்படி ரோடு போட்டாலும் யாரும் வந்து கேட்கவில்லை. அப்புறம் ஒரே நாளில் 200 வார்டுக்கும் கவுன்சிலர் வந்தார்கள், அதில் பாதி இடம் பெண்களுக்கு. கேள்வியே இல்லாமல் பழகிப்போனவர்களுக்கு முதலில் கேள்வி கேட்டது பெண் குரலாக இருந்தது எவ்வளவு எரிச்சலைக் கொடுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டசபை கதை வேறு, 2021இல் 234 பேரில் 12 பேர்தான் பெண்கள். ஆகவே தமிழ்நாட்டில் பதவியில் இருக்கிற பெண் என்றால் பெரும்பாலும் அவள் கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர். பக்கத்தில் போலீஸ் கிடையாது, பிஏ கிடையாது, அவள் வீட்டுக் கதவு நேராகத் தெருவில்தான் திறக்கும்.

இதை யாராவது எண்ணியிருக்கிறார்களா என்று தேடினேன். அம்னெஸ்டி என்கிற மனித உரிமை அமைப்பு 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் நம் நாட்டின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த 1,14,716 ட்வீட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறது. ஏழில் ஒன்று மோசமானதாக இருந்திருக்கிறது. உலக நாடாளுமன்றங்களின் ஒன்றியம் 2016இல் 39 நாட்டைச் சேர்ந்த 55 பெண் எம்பிக்களிடம் கேட்டபோது அதில் 44.4 சதவீதம் பேர் கொலை, பலாத்காரம், அடி, கடத்தல் என்று மிரட்டல் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். எம்பிக்களுக்கே இந்த நிலைமை. பொலிவியாவில் ஹுவானா கிஸ்பே என்ற கவுன்சிலரைப் பதவியை விடச் சொல்லித் தொல்லை கொடுத்து, 2012இல் கொலையே செய்துவிட்டார்கள். அந்த வருஷமே அரசியலில் இருக்கும் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக அங்கே தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ராஜினாமா செய்யச் சொல்லி நெருக்குவதையே அதில் குற்றமாக வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. மேலே சொன்ன பிரிவுகள் எல்லாம் எந்தப் பெண்ணுக்கும் பொதுவானவை. ஒருத்தியைப் பயமுறுத்திப் பதவியைவிட்டு ஓடவைத்தால் அவளுக்கு ஓட்டுப்போட்ட ஆயிரக்கணக்கான பேரின் ஓட்டும் போகிறதே, அதற்கு நம் சட்டப் புத்தகத்தில் பெயர் கிடையாது. அது வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, இரண்டாவது புகார் என்ன ஆச்சு என்று சொல்லவேண்டும். எஃப்ஐஆர் போட்டார்கள். நாலு பக்கத்தையும் படித்த எஸ்ஐ ஒரு பெண். படித்து முடித்து கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் மகள் எத்தனை மணிக்கு டியூஷன் முடித்து வருவாள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று நம்பர் இன்னும் யாருடையது என்று தெரியவில்லை, சிம் வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறது. நாலாவது நம்பர்க்காரனைக் கூட்டிவந்தார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. யாரோ நம்பர் கொடுத்து அனுப்பச் சொன்னார்கள் என்றான். யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவன் அம்மாவும் வந்திருந்தார். ஸ்டேஷன் வாசலில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள அப்படியெல்லாம் பேச மாட்டாம்மா, யாரோ மாட்டி வுட்டுட்டாங்க" என்று அழுதார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, சாப்பிட வாடா என்று கூப்பிட்ட அதே குரல். உள்ளே போனதும் எஸ்ஐ எதுவும் சொல்லாமல் மூன்றாவது பக்கத்தை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். எட்டாவது வரைக்கும் படித்தவராம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. அதற்கு மேல் போகவில்லை. தாளைக் கவிழ்த்து மேசை மேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டிவிட்டார்கள் என்று அதற்கப்புறம் அவர் சொல்லவில்லை. எங்களோடு வெளியே வந்தபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அக்காதான் அவருக்கு ஷேர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அக்கா ராஜினாமா செய்யவில்லை. மகளை டியூஷனிலிருந்து தினமும் யாராவது போய்க் கூட்டி வருகிறோம், செவ்வாயும் வெள்ளியும் என் முறை. போன மாசம் அடுத்த தெருவில் ரோடு போட்டார்கள். பதினொரு மணிக்கு அக்கா போனபோது அந்தத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் நைட்டியில், மேலே துண்டு. எதிர்வீட்டு அம்மாவும் அதில் இருந்தார். சுரண்டின ஆழத்தை யாரோ பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தார்களாம்.

இதைப் படிக்கிறவர்களில் கவுன்சிலரோ, ஊராட்சி உறுப்பினரோ, சங்கத்தில் பொறுப்பில் இருக்கிற பெண்ணோ யாராவது இருந்து, இதே மாதிரி போனில் ஏதாவது வந்திருந்தால், அழிக்காதீர்கள். அழித்தால் மனசு லேசாகும் என்று தோன்றும், அக்காவும் முதல் மூன்று நாள் வந்ததை அழித்துவிட்டார், இப்போது வருத்தப்படுகிறார். நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள், கோர்ட்டுக்குப் போகும்போது புது சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவுச் சான்றிதழ் என்று ஒன்று கேட்பார்கள், அதற்கு அந்த போன் வேண்டும். சிஎஸ்ஆர் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். எழுதத் தெரியாவிட்டாலும், எழுதக் கை வராவிட்டாலும் என் கடைக்கு வாருங்கள். அப்படியே அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம். எட்டு மணிக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. ஷட்டரை இறக்கிவிட்டு, பையனை டீ வாங்கிவர அனுப்பிவிடுகிறேன்.